கம்பனி லாச்சிக்குள் ஒரு பாஸ்போர்ட்

புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைக் கட்டச் சீனாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலைத்தள வளாகத்திலேயே தங்கினார்கள். 2011இல் முதல் அலகு இயங்கியது, 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட். மெகாவாட் கணக்கு ஊருக்கே மனப்பாடம். வேலிக்குள் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது பேச்சிலேயே வரவில்லை.

புத்தளத்தார் பேசியிருக்க வேண்டும். வெளிநாட்டு உழைப்பில் எழும்பிய வீடுகள் இங்கே எத்தனை! கட்டார் போன என் மச்சான் சொல்வார்: ஓர் அறையில் எட்டுப் பேர், இரண்டடுக்குக் கட்டில், பாஸ்போர்ட் கம்பனி லாச்சிக்குள். காய்ச்சலென்று படுத்தால் சுப்பவைசர் கட்டிலடிக்கே வந்து போர்வையை இழுப்பாராம். அந்தப் போர்வைதான் எனக்கு நெஞ்சில் தைக்கிறது. வேலை போனால் அன்றிரவே கூரையும் போகும் என்றிருக்கும்போது, சம்பளத்தில் வெட்டியதை யார் வாய் திறந்து கேட்பார்?

ஒதுக்குப்புற வேலைத்தளம் போன்ற தவிர்க்க முடியாத நிலையிலன்றி, முதலாளியே நேரடியாக வீடு கொடுப்பது பொதுவாக விரும்பத்தக்கதல்ல என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1961இலேயே, தன் 115ஆம் பரிந்துரையில் சொல்லிவிட்டது. மலையக லயன்களை அறிந்த நாட்டுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பழைய முதலாளியின் சம்மதமில்லாமலே வேலை மாறலாம் என்று கட்டாரில் 2020இல் சட்டம் வந்தது. நம் பிள்ளைகளுக்குக் கேட்கும் நியாயம் இங்கே வந்து உழைப்பவருக்கும் வேண்டும். தொழில் திணைக்கள அதிகாரி இயந்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. முதலாளியின் ஆள் இல்லாமல், அவர்கள் மொழி தெரிந்த ஒருவரோடு தங்கும் அறைக்குள் போய்க் கேட்கட்டும்: பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறதா? கேற்றைத் தாண்டிக் கடைக்குப் போக யாரிடம் அனுமதி கேட்கிறீர்கள்?