மழையில் ஏறிய படகு

இங்கிலாந்தில் மழைக்கு அஞ்சினால் பிரயாணமே செய்ய முடியாது. ஆகவே, காலைத் தூறலிலேயே வில்ட்ஷையரில் டிவைஸிஸ் நகரை நோக்கி நாம் படகேறினோம்.

படகின் அகலம் 7 அடிகூட இல்லை. நீளமோ 60 அடி. மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாதென்பது சட்டம். கரையில் நடப்பவர்களே நம்மை முந்திச் சென்றார்கள்.

எதிரே கேன் ஹில் என்னும் குன்று. தண்ணீர் குன்றேறுமா? ஏற்றியிருக்கிறார் ஜான் ரென்னி என்ற நிபுணர்! 2 மைல் தூரத்தில் 29 அடைப்புகள். மொத்த ஏற்றம் 237 அடி. படகு அடைப்புக்குள் புகுந்ததும் பின்கதவுகளைச் சாத்தி, மேல்மதகைக் கைப்பிடியால் சுழற்றித் திறக்கவேண்டும். ஜலம் நிரம்ப நிரம்பப் படகு உயரும். பிறகு முன்கதவுகளை முதுகு கொடுத்துத் தள்ளவேண்டும். குளிர்ந்த மழையில் இருபத்தொன்பது முறை இதைச் செய்தோம். விரல்கள் மரத்துப்போயின.

1810-ல் பூர்த்தியான இந்தக் கால்வாயை 1852-ல் ரயில்வே கம்பெனி வாங்கியது. வர்த்தகம் ரயிலுக்குப் போயிற்று. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் கதவுகள் உளுத்தன, புதர் மண்டியது. மூடிவிடலாமென்று அதிகாரிகள் முனைந்தபோது ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். விண்ணப்பம் அனுப்பியதோடு நில்லாமல், நிதி திரட்டினார்கள். விடுமுறை நாட்களில் தாமே சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடித்தார்கள். 1990-ல் எலிஸபெத் ராணி கால்வாயை மறுபடியும் திறந்து வைத்தார்.

பொதுச் சொத்தைக் காக்கச் சர்க்கார் உத்தரவு ஒன்றே போதாது, கைகளும் வேண்டும். அக்கைகள் மீட்ட ஒவ்வொரு கதவும் அன்று நமக்கு வழி விட்டது.