நெம்புகோல்

பதுளையிலுள்ள ஒரு பயிற்சிக் கூடத்துக்குப் புதிய காற்றுத் துவக்கொன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, எம் மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை அங்கு சென்றோம். வெடிமருந்து வேண்டாத துவக்கு அது. பக்கத்திலுள்ள நெம்புகோலை இழுத்து மூடினால் உள்ளே காற்று அழுத்தம் கொள்கிறது. விசையைத் தொட்டால் 4.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டு பாய்கிறது. பெரும் போட்டிகளில் இன்று காற்றை முன்னரே நிரப்பிய துவக்குகளே வழக்கம். பயில்வோருக்கு இது போதும்.

நெம்புகோலைக் கண்டதும் பையன் துள்ளினான். 1972இல் வந்த 'கங்கா' போன்ற படங்களின் குதிரைவீரர் அவன் கண்ணில் நின்றார்கள். அமெரிக்காவின் 1873ஆம் ஆண்டு வின்செஸ்டர் துவக்கில், விசையைச் சூழ்ந்த வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்றுக்கூடு தெறித்து விழும். அடுத்த தோட்டா ஏறும். அத்தகைய துவக்குகளோடு மாட்டிடையர் வேடம் புனைந்து இரும்புத் தகடுகளைச் சுடுவது 1980கள் முதல் அங்கே ஒரு போட்டி. பழங்குடிகளின் நிலம் பறிபோன காலத்து ஆயுதம் இன்று விளையாட்டுப் பொருள்!

ஆனால் நம் மலைகளிலும் துவக்குக்கு வரலாறு உண்டு. பதுளையில் அதிகாரம் செலுத்திய மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் நினைவாக எழுந்த தேவாலயம் இன்றும் பதுளையில் நிற்கிறது. ஊவாவுக்கு வெளியே, முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் குண்டுக்குப் பலியான தொழிலாளி கோவிந்தனுக்கோ மக்கள் நினைவே தேவாலயம். அதே ஆண்டு பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில், அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர் என்பதையும் மறப்பதற்கில்லை.

ஆகவே, மாணவியின் தாய் எம்மிடம் கேட்டதில் வியப்பில்லை: "சேர், துவக்கு துரைமாரு சாமான். எங்க புள்ள கையில அது எதுக்கு?" அப்பொழுது எமக்குச் சரியான விடை வரவில்லை.

மாணவி பத்து மீற்றர் தூரத்தில் நின்றாள். எதிரே இலக்கு அட்டை. பத்துப் புள்ளிக்குரிய நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர். நெம்புகோலை இழுக்க அவள் சிரமப்படவில்லை. கொழுந்துக் கூடை சுமந்து பழகிய தோள் அது. ஆனால் குறி பார்த்தபோது குழல் நடுங்கியது. மூன்று சூடும் கறுப்பு வட்டத்துக்கு வெளியே போயின. பயிற்சியாளர் அருகில் வந்து, "மகள், காலையில் சாப்பிட்டதா?" என்றார். அவள் பேசவில்லை. பசறைப் பாதையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க லயத்திலிருந்து இருளில் நடந்து வந்தவள் அவள். நாமும் கேட்க மறந்துவிட்டோம். வெட்கினோம்.

கடையில் ரொட்டியும் தேநீரும் வாங்கிக் கொடுத்தோம். திரும்பி வந்து மூச்சை அடக்கிச் சுட்டாள். ஐந்தாவது குண்டு கறுப்பு வட்டத்துள் விழுந்தது. அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம்.

ஒரு போட்டிக்கு 60 சூடுகள்; 75 நிமிடங்கள். இடையில் ஒரு கணம் கை தளர்ந்தாலும் புள்ளி போயிற்று. நம் நாட்டு வீராங்கனை தெஹானி எகொடவெல 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் வரை சென்றதை அவளுக்குச் சொன்னோம். ஆனால் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டிருந்த அன்றைய நாட்சம்பளத்தில் ஈயக்குண்டும் பஸ் செலவும் காலை உணவும் எந்த மூலையில் அடங்கும் என்பதைச் சொல்ல வாயிருக்கவில்லை.

"அடுத்த சனியும் வரலாமா சேர்?" என்றாள்.

வரலாம் என்றோம். ஆசிரியர் சிலர் மாதந்தோறும் சிறு தொகை போட்டுக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறோம். தருமமாக அல்ல, அந்தத் தாய்க்கு நாம் கடன்பட்ட விடையாக. தம்மை அச்சுறுத்திய பொருளையே தம் பிள்ளை அச்சமின்றி விளையாட்டாக ஏந்துவது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்தக் கை நடுங்காதிருக்க, முதலில் வயிறு நிறைய வேண்டும். அதற்குரிய நெம்புகோல் எந்தப் பயிற்சிக் கூடத்திலும் இல்லை. அது தொழிலாளர் கூட்டாகப் பிடிக்க வேண்டியது.