பதிமூன்று ரூபாய் பாக்கி

பி.காம். படித்தவனை எங்கே கூட்டிப் போனாலும் அவன் கண் கணக்குப் புத்தகத்தில்தான் போய் நிற்கும். பெங்களூர் கிளப்புக்கு நண்பனோடு போயிருந்தேன். 1868-ல் ஆரம்பித்த கிளப். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய லெட்ஜர் ஒன்று. 1899 ஜூன் 1 தேதியிட்ட வாராக் கடன் பட்டியல். அதில் ஒரு பெயர்: லெஃப்டினன்ட் டபிள்யூ.எல்.எஸ். சர்ச்சில். பாக்கி ரூ. 13.

"என்னடா, இங்கேயும் ஆடிட்டா?" என்றான் நண்பன்.

சாட்சாத் அந்த வின்ஸ்டன் சர்ச்சிலேதான்! 1896-ல் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூர் வந்தபோது வயது 21. காலையில் பரேட், சாயங்காலம் போலோ. நடுவில் வெயில் நேரம் முழுக்க சும்மா. மற்றவர்கள் தூங்கினார்கள், சீட்டாடினார்கள். யுனிவர்சிட்டி பக்கமே போகாத இவரோ, அம்மாவுக்குக் கடிதம் போட்டு கிப்பன், மெக்காலே என்று தலையணை சைஸ் புத்தகங்களாக வரவழைத்து, தினம் நாலைந்து மணி நேரம் படித்தார்.

1897-ல் வடமேற்கு எல்லையில் மலாகண்ட் சண்டை. படையில் இடம் காலி இல்லை. வேண்டுமானால் நிருபராக வரலாம் என்றார்கள். பெங்களூர் ஸ்டேஷனில் நவ்ஷேராவுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, "எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். குமாஸ்தா டைம்டேபிளைப் புரட்டி, அலட்டிக்கொள்ளாமல் சொன்ன பதில்: 2,028 மைல்!

லண்டன் 'டெய்லி டெலிகிராப்' பத்திக்கு 5 பவுண்டு கொடுத்தது. பெங்களூர் திரும்பி, அதே மதிய நேரத்தில் முதல் புத்தகத்தை எழுதினார். 1898-ல் அச்சாகிவிட்டது.

அடுத்து சூடான் யுத்தம். 1899-ல் பட்டாள வேலையை விட்டார். போயர் யுத்தத்துக்கு நிருபராகப் போக மாதம் 250 பவுண்டு சம்பளம். அங்கே பிடிபட்டு, பிரிட்டோரியாவில் காவலைத் தாண்டிச் சுவரேறிக் குதித்து, சுரங்கத்தில் பதுங்கி, சரக்கு ரயிலில் தப்பினார். அவர் தலைக்குப் போயர்கள் வைத்த விலை வெறும் 25 பவுண்டு! 1908-ல் ஆப்பிரிக்கப் பயண நூல், 1940-ல் பிரதமர், 1953-ல் இலக்கிய நோபல்.

எல்லாவற்றுக்கும் முதலீடு பெங்களூர் மதியங்கள்தான். லஞ்ச் முடிந்து கண் சொக்கும் அந்த நேரம் நம் ஆபீஸிலும் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? வேண்டாம், விடுங்கள்.

"பாவம், 13 ரூபாய்தானே, நானே கட்டிடட்டுமா?" என்று பர்ஸை எடுத்தேன்.

"1943-ல வங்கப் பஞ்சத்துல லட்சக்கணக்கான பேர் செத்தாங்களே, அப்ப பிரிட்டிஷ் பிரதமர் யாரு?" என்றான் நண்பன். "அந்தப் பாக்கியை எந்த லெட்ஜர்லடா எழுதுவே?"

பர்ஸைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டேன்.