வேதாளத்தைத் தைத்தல்

வேதாளத்தைத் துணியில் தைக்க முற்படுபவர் முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: தைக்கப்படுவது வேதாளமா, பிணமா? கதைப்படி மரத்தில் தொங்குவது பிணம். அதற்குள் புகுந்து பேசுவது வேதாளம். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்திலும் ஏற்பாடு இதுவே. ஊசிக்கு அகப்படுவது பிணம் மட்டும்தான்.

செம்பூரில் வசிக்கும் ஒரு பெண் கடந்த மழைக்காலத்தில் மூன்று வாரம் இக்கேள்வியோடு மல்லுக்கட்டினார். பொம்மை குழந்தைக்காக அன்று; 68 வயதான தாய்க்காக. தாய் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகித் தாராவிக்கு வந்தவர். வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குப் பட்டன் வைத்தும் பிசிறு வெட்டியும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர். கை வேலையில் இருக்க, வாய் அம்புலிமாமாக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருக்கும். அவற்றுள் அவருக்கு உவப்பானவன் விக்கிரமன் அல்லன். அவன் தோளில் கிடந்து கேள்வி கேட்பதுதான். சென்ற ஆண்டு வந்த பக்கவாதம் அவருடைய வலக்கையையும் பேச்சையும் ஒருசேரக் கொண்டுபோயிற்று.

இரண்டும் சேர்ந்து போவதில் வியப்பில்லை. உடலின் வலப்பக்கத்தை இயக்குவது மூளையின் இடப்பாதி. பெரும்பாலோரிடம் பேச்சும் அங்கேதான் குடியிருக்கிறது. ஓரசையைத் தவிர வேறொன்றும் சொல்ல இயலாதிருந்த நோயாளி ஒருவரின் மூளையைப் பால் புரோக்கா 1861இல் பாரிசில் ஆராய்ந்ததிலிருந்து இத்துறையின் வரலாறு தொடங்குகிறது. இவ்வகைப் பேச்சிழப்பில் பிறர் சொல்வது பெருமளவு விளங்கும். சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும். வாக்கியமாகக் கட்டத்தான் வராது. ஆனால் கட்ட வேண்டாதவை சில வேளைகளில் தப்பிவிடுகின்றன: எண் வரிசை, கிழமைப் பெயர்கள், பிரார்த்தனை, பாட்டு, பழமொழி. அவை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பதில்லை, முழுதாகவே எடுத்தாளப்படுபவை.

மகளின் கணக்கு இங்கேதான் பிறந்தது. தமிழில் 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில் வேதாளக் கதைகள் மூலத்தின் 25 கதைகளையும் தாண்டிப் பல்லாண்டுகள் நீண்டன. கதைகள் மாறின, தொடக்கமும் முடிவும் மட்டும் மாறவில்லை. மாதந்தோறும் படித்து, ஆயிரம் முறை சொல்லித் தேய்ந்த அந்த வாக்கியங்கள் தாயின் உள்ளே எங்கோ முழுதாகக் கிடக்க வேண்டும். அவற்றைக் கிளப்ப ஒரு வேதாளம் தேவைப்பட்டது.

தமிழர் மனத்தில் வேதாளத்துக்கு இன்றிருக்கும் உருவம் பெரும்பாலும் ஓவியர் சங்கர் தந்தது. 1952இல் சந்தமாமா நிறுவனத்தில் சேர்ந்து 2020இல் மறைந்த அவர், உருவிய வாளோடு நடக்கும் அரசனின் தோளில் பிணம் துவண்டு கிடப்பதை வரைந்தார். நவராத்திரியை ஒட்டி மாட்டுங்காக் கடைகளில் களிமண்ணிலும் காகிதக்கூழிலும் வந்திறங்கும் பொம்மைகளில் இத்துவட்சி கிட்டாது. கொலுப்பொம்மை நிற்க வேண்டும், அல்லது அமர வேண்டும். போதாக்குறைக்குப் பிணத்தைப் படியில் வைக்கவும் எவரும் துணியார். துணிப்பொம்மைகளின் பொதுக் குறை நிற்காமல் சரிவது. வேதாளத்துக்கோ அதுவே இலக்கணம்.

உடலுக்குச் சாயமேற்றாத காடாத்துணி. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு துண்டுகளை உட்புறம் வெளியே தெரிய வைத்துப் பின்தையலால் இணைத்து, விலாவில் இரண்டு அங்குலம் விட்டு, அவ்வழியே புரட்ட வேண்டும். புரட்டுவதற்கு முன் கழுத்து, அக்குள் ஆகிய வளைவுகளில் கத்தரியால் சிறு நறுக்குகள் இடாவிட்டால் துணி சுருங்கி இழுக்கும். நறுக்கு தையலை நெருங்கிவிட்டாலோ பிரியும். அடைப்பதற்குத் தாராவித் தையற்கூடங்களின் துண்டுத்துணி. மும்பைத் தமிழர் அதை மராத்தியர் போலவே ‘சிந்தி’ என்பார்கள். அகதிகளாக வந்த சிந்தி மக்கள் குடியேறிய முகாம் அமைந்த செம்பூரில், தமிழெழுத்தில் இச்சொல்லை எழுதினால் கந்தலா மக்களா என்பது விளங்காது. போதாதென்று, கீழே சிந்துவதன் வினையெச்சமும் அதே வடிவம்தான். மூன்றுக்கும் உறவு கற்பிக்க வேண்டியதில்லை.

முதல் பொம்மை விறைத்துப்போயிற்று. சிந்தியை இறுக்கித் திணித்ததன் விளைவு. இரண்டாவதில் மகள் வயிற்றை முக்கால் பங்கு காலியாக விட்டார். இடுப்பு, முழங்கால், முழங்கை ஆகிய இடங்களில் அடைப்பே இல்லாமல் குறுக்கே ஒரு தையல் ஓட்டினார். மடங்க வேண்டிய இடத்தில் மடங்கியது. ஆயினும் தோளில் போட்டால் வழுக்கி விழுந்தது. தலைக்கும் பாதங்களுக்கும் எடை வேண்டும். தானியம் மழைக்காலத்தில் பூச்சி பிடிக்கும். பழைய நெகிழியை அரைத்து உருக்கித் தாராவியின் 13ஆம் காம்பவுண்டில் செய்யும் குருணை, வணிகத்தில் ‘தானா’ என்று வழங்குவது, அதற்கு வாய்ப்பாக அமைந்தது. இருபுறமும் எடை ஒத்ததும் பிணம் தோளில் தங்கியது.

முகம் கடைசி வரை வெறுமையாகவே இருந்தது. கண் மூடியிருந்தால் பிணம், திறந்திருந்தால் வேதாளம். சுமக்கிற அரசனுக்கோ முகமே தெரியாது. காதருகே குரல் மட்டும். மகள் இறுதியில் இமைக்கோடு இரண்டும் வாய்க்கு ஒரு கோடும் போட்டு நிறுத்திக்கொண்டது சரியான முடிவு.

பத்து வயதுப் பேரனுக்கு அது ‘பேதால்’. 1985இல் தூர்தர்ஷனில் வந்த ராமானந்த் சாகரின் தொடர் நிலைநிறுத்திய இந்தி வடிவத்தை அவன் பள்ளியில் கேட்டிருக்கிறான். இதே மாநிலத்தின் சிந்துதுர்க் மாவட்டத்து ஆரவலியில் அந்தப் பெயரே வேதோபா என்னும் காவல் தெய்வமாகி, ஊரைச் சுற்றிக் காவல் நடக்கும் கால்களுக்குப் பெருந்தோற்செருப்புகளைக் காணிக்கையாகப் பெறுகிறது. சோமதேவரின் சிம்சபா மரமும் தமிழ்ப் பழமொழியில் முருங்கை மரமாயிற்று.

ஒரு ஞாயிறன்று மகள் பொம்மையைத் தாயின் இடத்தோளில் சார்த்தி, கதையின் தொடக்க வாக்கியத்தைப் பாதி வரை சொல்லி நிறுத்தினார். தாயின் உதடுகள் அசைந்தன. வாக்கியம் வரவில்லை. மீண்டும் சொன்னார், மீண்டும் வரவில்லை. தாய் பொம்மையை மடியில் இறக்கி, உருப்படி சரிபார்ப்பவரைப் போல இடக்கைப் பெருவிரலால் தையலை ஓரமாகத் தடவிக்கொண்டே போனார். கழுத்தில் நறுக்கு ஆழமாகிப்போன இடத்தில் விரல் நின்றது. அழுத்தினார். தையல் பிரிந்து குருணை தரையெங்கும் ஓடியது.

“சிந்தி” என்றார்.

கந்தலைச் சொன்னாரா, கொட்டியதைச் சொன்னாரா என்பது மகளுக்கு விளங்கவில்லை. ஒரு சொல்லைக் கொண்டு பேச்சு மீண்டுவிட்டதாகக் கொள்வதும் பேதைமை. பேரன் கட்டிலுக்கடியில் குருணை பொறுக்கினான். மகள் ஊசியில் இரட்டை நூல் கோத்தார். தாய் இடக்கையால் கழுத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.