தடங்கலுக்கு வருந்துகிறோம்

கொசுவத்தி சுத்தி ரொம்ப நாளாச்சு மக்கா. தலைப்பைப் பார்த்ததுமே உங்க கண்ணு முன்னாடி ஒரு அட்டை வந்து நின்னிருக்கும். நாடகத்துல மாமியார் வாயைத் திறக்குற நேரத்துக்குச் சரியா அந்த அட்டையைப் போடுவாங்க. பின்னாடியே ஒரு வாத்திய இசை. அட்டை போனதும் பார்த்தா மாமியார் அழுதுட்டு இருப்பாங்க. நடுவுல என்ன நடந்துச்சுன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவோம்.

ஒளியும் ஒலியும், வயலும் வாழ்வும், எதிரொலின்னு பட்டியல் போடப் போறேன்னு நினைச்சு ஓடிடாதீங்க. அதெல்லாம் நம்ம ஆளுங்க எப்பவோ எழுதிட்டாங்க. நான் கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணுதான். செவ்வாய்க்கிழமை ராத்திரி போட்ட அந்த நாடகம் எல்லாம் இப்ப எங்க?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15. மதுரைக்காரங்களுக்கு அது ரொம்ப வருஷம் பேப்பர்ல படிக்கிற சேதியாத்தான் இருந்துச்சு. 1982-ல இலங்கையில ரூபவாஹினி வந்ததும் தென்மாவட்டத்துல பல பேரு உயரமா பைப்பு நட்டு, பூஸ்டர் வச்சு, புள்ளி புள்ளியா அதைத்தான் பார்த்தாங்க. அப்புறம் கொடைக்கானல் டவர் வந்துச்சு. வாடிப்பட்டிப் பக்கம் எங்க ஊர்ல ஆன்டெனா எல்லாம் மேற்கப் பாத்துத் திரும்பிருச்சு. காத்தடிச்சா ஒருத்தன் மாடிக்குப் போய் திருப்பணும், ஒருத்தன் வாசல்ல நின்னு "தெரியுதா, தெரியுதா"ன்னு கத்தணும்.

அந்த நாடகங்கள்ல முக்கால்வாசி இன்னிக்கு இல்ல. காரணம் ரொம்ப சாதாரணம். அப்ப யூமேட்டிக்னு ஒரு பெரிய கேசட்டுல பதிவு பண்ணுவாங்க. விலை அதிகம், வெளிநாட்டுல இருந்து வரணும். ஒளிபரப்பு முடிஞ்சதும் அதே கேசட்டுல அடுத்த நிகழ்ச்சி. ஒரு நாடகத்தைத் திரும்பப் பார்க்க ஆள் வருவாங்கன்னு யாரும் நினைக்கல. இது நம்ம ஊரு லட்சணம்னு மட்டும் சொல்லிடாதீங்க. லண்டன் பிபிசியே 1960, 70கள்ல எடுத்த எத்தனையோ தொடர்களை அழிச்சிருக்கு. டாக்டர் ஹூ தொடர்ல காணாமப் போன பகுதிகளுக்கு இன்னிக்கு ஒலியாவது மிச்சம் இருக்குன்னா, அப்ப வீட்டுல டிவி பக்கத்துல டேப் ரெக்கார்டரை வச்சுப் பதிஞ்ச ரசிகர்கள்தான் காரணம். அவ்வளவு எதுக்கு, தமிழோட முதல் பேசும் படம் காளிதாஸ், 1931-ல வந்தது, அதுக்கே இன்னிக்கு ஒரு பிரிண்ட் கிடையாது.

தப்பிச்சது எதுன்னு பார்த்தா, தயாரிச்சவங்க கையில மாஸ்டர் கேசட் இருந்ததுதான். கே.பாலசந்தரோட மின்பிம்பங்கள் தயாரிச்சு நாகா இயக்கின ரமணி வெர்சஸ் ரமணி இன்னிக்கும் யூட்யூப்ல ஓடுதுன்னா அதான் விஷயம். எஸ்.வி.சேகர், கிரேசி மோகன் மேடை நாடகங்கள் எல்லாம் ஆடியோ கேசட்டா வந்து வீடு வீடாப் போயிருச்சு, அதனால பொழைச்சுது. நிலையத்துக்குள்ளயே எடுத்து, ஒரே ஒரு தடவை போட்ட நாடகத்துக்குத்தான் நாதி இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். அப்படி நாதியத்துப் போன ஒரு காமெடி நாடகத்துல ஆறு நிமிஷம் எங்க குடும்பத்துல மாட்டியிருக்கு. கதை நடக்கிற இடம் ஒரு மஞ்சள் பத்திரிகை ஆபீஸ்.

அந்தக் காலத்து ஸ்டுடியோ நாடகத்துக்கு பத்திரிகை ஆபீஸ் ரொம்ப வசதி. ஒரு மேஜை, ஒரு போன், ரெண்டு நாற்காலி, பின்னாடி ஒரு காலண்டர். கதவைத் திறந்துக்கிட்டு யாரு வேணா உள்ள வரலாம். அதுலயும் மஞ்சள் பத்திரிகைன்னா வர்றவன் எல்லாம் பயந்துக்கிட்டே வருவான், காமெடிக்குக் கேக்கணுமா. இங்கிலாந்துல 1986-ல ஹாட் மெட்டல்னு ஒரு சிட்காம், முழுக்க இந்த மாதிரி பத்திரிகையை வச்சுத்தான். இந்தியில 1983-ல வந்த ஜானே பி தோ யாரோ படத்துல பத்திரிகை ஆசிரியை போட்டோவை வச்சு பேரம் பேசுவாங்க.

தமிழ்ல இந்தத் தொழிலுக்குப் பெரிய ரத்தச் சரித்திரமே இருக்கு. லட்சுமிகாந்தன் 'சினிமா தூது'ன்னு ஒரு பத்திரிகை நடத்தி நடிகர் நடிகைகள் அந்தரங்கத்தை எழுதினார். தியாகராஜ பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன் எல்லாம் கவர்னர்கிட்ட மனு கொடுத்து அதோட லைசென்ஸை ரத்து பண்ண வச்சாங்க. மனுஷன் அடங்கல, 'இந்து நேசன்'ல ஆரம்பிச்சார். 1944 நவம்பர் 8, சென்னை வேப்பேரியில கத்திக்குத்து. மறுநாள் செத்துப்போனார். அந்த வழக்குல பாகவதரும் என்.எஸ்.கே.யும் உள்ள போய், பிரிவி கவுன்சில் வரைக்கும் போராடி, 1947-லதான் வெளிய வந்தாங்க. பாகவதருக்கு அந்தப் பழைய மார்க்கெட் திரும்பக் கிடைக்கவே இல்ல.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, இதே தொழில்தான்.

எப்படிச் சொல்றதுன்னு ரொம்ப யோசிச்சு, நேராவே சொல்லிட்டேன். நான் மதுரையில படிச்சப்ப சிம்மக்கல் பக்கம் அவர் வீட்டுலதான் தங்கியிருந்தேன். எட்டுப் பக்க வாராந்திரி. முன்னாடி அறையில ட்ரெடில் மிஷின், அதைத் தாண்டித்தான் வீட்டுக்குள்ளயே போகணும். சோத்துலயும் மை வாசம் அடிக்கும். தினத்தந்தி 1942-ல பிறந்த ஊருங்க மதுரை. டீக்கடையில ஒருத்தர் படிக்க நாலு பேரு கேக்குற பழக்கம் உள்ள ஊரு. அந்த ஊர்ல பேப்பர் நடத்துறேன்னு சொல்லிக்கிறதுல மாமாவுக்கு ஒரு கெத்து. ஆனா அவர் பேப்பரைக் கடையில தொங்க விட்டு நான் பெருசாப் பார்த்ததில்ல. அது விக்கிறதுக்காக அடிச்ச பேப்பரே இல்லைங்கிறது எனக்குப் பின்னாடிதான் விளங்குச்சு.

முறை இதுதான். இந்த வாரம் "நகரின் பிரபல லாட்ஜ் அதிபரின் லீலைகள், அடுத்த இதழில் பெயருடன்"னு ஒரு பெட்டிச் செய்தி வரும். வியாழக்கிழமைக்குள்ள ஒரு ஆளு கதவைத் தட்டுவார். அத்தை காப்பி போடுவாங்க. அடுத்த இதழ்ல அந்த இடத்துல "தவிர்க்க இயலாத காரணங்களால் இவ்வாரம் இடம்பெறவில்லை"ன்னு ஒரு வரி. "பேர் போட்டா ஒரு நாள் சேதி மாப்ள, போடாட்டி ஒரு மாசச் சாப்பாடு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவார். அவர் அடிச்ச ஆளுங்கள்ல சில பேரு நிஜமாவே அயோக்கியங்க. சில பேரு ஒண்ணுமே பண்ணாதவங்க, பொண்ணு கல்யாணம் நின்னுடக் கூடாதேன்னு பயந்து வந்தவங்க. அத்தை அவங்களுக்கும் அதே காப்பிதான் போட்டாங்க. எங்க அம்மா கடைசி வரைக்கும் தம்பி வீட்டுல கை நனைச்சதில்ல.

1989 வாக்குல ஒரு லாட்ஜ்காரர் கையில காசு இல்லாம ஒரு டெக்கைக் கொண்டுவந்து வச்சுட்டுப் போனார். விசிஆர்னு படிச்சவங்க சொல்லுவாங்க, எங்களுக்கு டெக்கு. தெருவே வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடிய மூணு படம் பார்த்த காலம் அது. மாமா மட்டும் அதை விசித்திரமாப் பயன்படுத்தினார். செவ்வாய்க்கிழமை நாடகத்தை எல்லாம் பதிய ஆரம்பிச்சார். காமெடின்னா உயிர்.

அதுல ஒண்ணுதான் அந்தப் பத்திரிகை ஆபீஸ் நாடகம். கதை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன்னைப் பத்தின சேதி வராம இருக்க ஆசிரியருக்குப் பணம் கொடுக்கிறார். ஆசிரியர் அதுக்குப் பதிலா எதிர்க்கடைக்காரரோட வண்டவாளத்தைப் போடுறார். மறுநாள் அந்தக் கடையில ஊரே கூடிருது, வேடிக்கை பார்க்க வந்தவன் எல்லாம் துணியும் வாங்கிட்டுப் போறான். நம்மாளு திரும்ப ஓடி வந்து, "ஐயா, பணத்தைத் திருப்பிக் குடுங்க, இல்லாட்டி என் சேதியையும் போடுங்க"ன்னு சண்டை. மாமா கண்ணுல தண்ணி வரச் சிரிச்சார். "நம்ம கதைடா மாப்ள"ன்னார். கேசட் பின்பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அதை உடைச்சிட்டா மேல வேற எதையும் பதிய முடியாது. அந்தக் கேசட்டுக்கு அதை உடைச்சு வச்சார்.

ரெண்டு வருஷம் கழிச்சு மாமா பொண்ணுக்கு, எங்க மதினிக்கு, சடங்கு. வீடியோக்காரர் "கேசட் நீங்களே குடுத்தீங்கன்னா காசு குறைச்சுக்கிறேன்"ன்னார். அத்தை பீரோவில இருந்து கைக்கு வந்ததை எடுத்துக் குடுத்தாங்க. உடைச்ச இடத்துல ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டினா கேசட் மறுபடி பதியும். அவ்வளவுதான் பாதுகாப்பு.

மாமா 2014-ல போயிட்டார். அவர் பேப்பர்ல ஒரு பிரதி கூட இப்ப கிடையாது, எல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போச்சு. போன வருஷம் மதினி அந்தக் கேசட்டை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தாங்க. எங்க அம்மாச்சி நடமாடுற மாதிரி இருக்கிற ஒரே படம் அந்தச் சடங்கு வீடியோதான். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்துல கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுக்கிறவர் ஒருத்தர்கிட்ட போனோம். மூணு மணி நேர கேசட். சடங்கு ரெண்டே முக்கால் மணியைத் தாண்டி முடியுது. தட்டு வரிசை, மாலை, அம்மாச்சி திரும்பிப் பார்த்து முந்தானையைச் சரி பண்றாங்க, ஒரு கோடு கிழிச்ச மாதிரி படம் குலுங்குது, திடீர்னு ஒரு மேஜை, போன், காலண்டர். ஜவுளிக்கடைக்காரர் சண்டை போட்டுட்டு இருக்கார்.

கடைக்காரர் திரும்பிப் பார்த்து, "அக்கா, கடைசியில பழைய நாடகம் ஏதோ கலந்திருக்கு. வெட்டிரவா?"ன்னார்.

மதினியோட தம்பி பக்கத்துலதான் நின்னார். "வெட்டுங்க, அந்த டெக்கு எப்படி வந்துச்சுன்னு புள்ளைங்க கேட்டா என்ன சொல்றது?"ன்னார். அதுலயும் நியாயம் இருக்கு. அவர் ஸ்கூல்ல 'மஞ்சப் பேப்பர் மகன்'னு பேர் வாங்கி வளர்ந்தவர்.

மதினி கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "வெட்டாதீங்க. அப்பா சிரிச்ச சத்தம் இதுல இல்லைதான். ஆனா எந்த இடத்துல சிரிப்பார்னு எனக்குத் தெரியும். புள்ளைங்க கேட்டா உள்ளதைச் சொல்லுவோம்"னாங்க.

தம்பிக்காரருக்கு மனசு ஆறல. இன்னும் அந்த ஆறு நிமிஷத்தை அவர் பார்க்கல.

அத்தை செஞ்சதைத்தான் தூர்தர்ஷனும் செஞ்சது, பிபிசியும் செஞ்சது. அன்னிக்கு எது அவசியமோ அதை மேல பதிஞ்சாங்க. சடங்கா நாடகமான்னா எந்தத் தாயும் சடங்கைத்தான் சொல்லுவா. ஒரே ஒரு பிரதி இருக்கும் போது யாரைத் தேர்ந்தெடுத்தாலும் இன்னொருத்தர் செத்துப் போவார். ரெண்டாவது பிரதி இருந்திருந்தா இந்தச் சண்டையே இல்ல.

அதனால மக்கா, பரண்ல கேசட் இருந்தா இந்த மாசமே இறக்குங்க. ஜப்பான்ல ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோட விசிஆர் செய்றதை நிறுத்திருச்சு. ஆஸ்திரேலியாவோட தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், டேப்பை எல்லாம் 2025-க்குள்ள டிஜிட்டலாக்கலன்னா அவ்வளவுதான்னு 2015-லயே எச்சரிச்சது. அந்தக் கெடு தாண்டியாச்சு. கண்ணாடி வழியாப் பாருங்க, சுருள் ஓரத்துல வெள்ளையாப் பொடி மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. ஓட்டிப் பார்க்காதீங்க, டேப்பும் போகும், டெக்கோட ஹெட்டும் போகும். சுத்தம் பண்ணத் தெரிஞ்சவர்கிட்டக் குடுங்க. முக்கியமா, கல்யாணம் முடிஞ்சதும் நிறுத்தச் சொல்லாம கேசட் தீர்ற வரைக்கும் ஓட விடச் சொல்லுங்க. அந்த வாலுலதான் ஏதாவது இருக்கும். பிரசார் பாரதியும் பழைய டேப்பைத் தூசி தட்டி யூட்யூப்ல போட்டுக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா அவங்ககிட்ட இல்லாதது உங்க பரண்லதான் இருக்கணும்.

டிஸ்கி: ஜவுளிக்கடைக்காரர் சண்டை போடுற பத்திரிகை ஆபீஸ் நாடகம் யார் எழுதினது, யார் நடிச்சதுன்னு ஞாபகம் இருக்கிற புண்ணியவான்கள் பின்னூட்டத்துல சொல்லுங்க. கேசட்டோட முடிவு போயிருச்சு. அவருக்குப் பணம் திரும்பக் கிடைச்சுதா, சேதி வந்துச்சான்னு மதினி கேட்டுக்கிட்டே இருக்காங்க :-)