பன்னிரண்டு வெள்ளி ரூபாய்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில், அவரது இரும்புப் பெட்டியின் அடியில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த பன்னிரண்டு வெள்ளி ரூபாய்களைக் கண்டெடுத்தோம். நாங்கள் மூவர், அண்ணன், தங்கை, நடுவில் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஒருவர். ஆளுக்கு நான்கு. இதைவிட எளிய பாகப்பிரிவினை உண்டா என்று நினைத்தோம். கறுத்துக் கிடந்தவற்றை விபூதி போட்டுத் தேய்த்தோம். அம்மாவின் பொருள் மங்கிக் கிடக்கலாகாதே! தேயாமல் முகம் தெளிந்திருந்த நான்கைத் தங்கை ஆசையோடு எடுத்துக்கொண்டாள்.

மறு ஆண்டு, அவள் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் போதவில்லை. காசுகளை வெள்ளிக் கடைக்குக் கொண்டுபோனோம். எங்கள் இருவரின் காசுகளுக்குச் சொன்ன விலையில் ஏறக்குறையப் பாதியே தங்கையின் காசுகளுக்குச் சொன்னார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு திரும்பினோம். ஆனால் கடைக்காரர் சொன்னதே மெய். பழைய ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. போர்க்காலத்தில், 1940 முதல், எடையை மாற்றாமல் வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள். மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். தங்கை எடுத்த நான்கும் ஆறாம் ஜார்ஜின் அந்தப் போர்க்காலக் காசுகள்.

அண்ணனுக்கு மனம் ஆறவில்லை. மதுரையில் நாணயம் சேர்க்கும் பெரியவர் ஒருவரிடம் மூவரும் சென்றோம். 1918 ஆம் ஆண்டுக் காசைக் கையில் எடுத்த வேகத்திலேயே கீழே வைத்தார். முதல் உலகப் போரின்போது வெள்ளி ரூபாய்க்குக் கடுந்தட்டுப்பாடு. அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கிப் பிரிட்டனுக்கு விற்று, அந்த வெள்ளி இந்தியாவுக்கு வந்தது. அவ்வாண்டில் கோடிக்கணக்கில் அச்சடித்தார்கள். கதை பெரிது, விலை சிறிது. அண்ணனின் 1911 ஆம் ஆண்டுக் காசுக்கு மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் ஒரு சிறு யானை. தும்பிக்கை குட்டையாக அமைந்ததால் பன்றிபோல் தெரிந்தது. இசுலாமியர் மனம் புண்பட, வெளிவராத காசுகளை உருக்கிவிட்டு 1912 இல் யானையைத் திருத்தினார்கள். தவறான யானைக்குத்தான் இன்று தேட்டம். 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயோ 1874 வரை அதே ஆண்டோடு வந்ததாம்; அதில் உள்ள புள்ளிகளை எண்ணிப் பார்த்தே விலை சொல்கிறார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாத ஏடுகளில் பாடபேதம் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது வியப்பாக இல்லை.

"இதை யார் தம்பி தேய்ச்சது?" என்றார் பெரியவர்.

நாங்கள் பேசவில்லை. நூறாண்டாகப் படிந்த கருமையைச் சேர்ப்பவர்கள் காசின் தோலாகவே மதிக்கிறார்களாம். தேய்த்த காசில் கண்ணாடி வழியே கீறல்தான் தெரியும். பன்றி ரூபாய்க்கு அவர் சொன்ன தொகை வெள்ளி விலையைவிடச் சற்றே கூடுதல். "என்கிட்ட இது மூணு இருக்கு. இல்லாதவர்கிட்டக் கேளுங்க, இன்னும் தருவார்" என்று அவரே சொன்னார். ஒருவர் அரசர் வரிசை சேர்க்கிறார், ஒருவர் ஆண்டு வரிசை, மற்றொருவர் அச்சுச்சாலை வாரியாக. யாருடைய வரிசையில் இடம் காலியோ அங்கேதான் காசுக்கு விலை.

பேருந்தில் திரும்பும்போது அண்ணன் அந்தக் காசைத் தங்கையின் கையில் வைத்தார். "எனக்கு வந்தது எனக்குப் போதும்ணே" என்று அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கட்டணத்தை மூவருமாகத் திரட்டிக் கட்டினோம். காசுகள் பன்னிரண்டும் மறுபடி அதே மஞ்சள் துணிக்குள் போயின.

அவற்றுள் ஒன்றுக்குக் காது வைத்துப் பற்றவைத்திருக்கிறது. கறுப்புக் கயிற்றில் கோத்துக் குழந்தையாக இருந்தபோது எங்கள் மூவர் கழுத்திலும் கட்டிய காசு. பெரியவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இனி எப்போதாவது பிரித்தால் அது யாருக்கு என்பதில்தான் இப்போது எங்களுக்குள் வழக்கு.