இரண்டு வழி இருந்தும்...

(மூன்றாமாண்டு, கணிப்பொறிப் பிரிவு)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டதும் எனக்குக் கை ஓடவில்லை. கவிதைக்கு நம் கல்லூரியில் பஞ்சமே கிடையாது. ஆகவே நண்பர்களே, விடுமுறையில் தொழிற்பயிற்சிக்குப் போன இடத்தில் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். நம் சிலபஸில் இது இல்லை. ஆனால் நாளைக்கு சர்வர் ரூம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவும்.

பெரிய சர்வர்களில் டேட்டா பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருப்பதில்லை. ஸ்டோரேஜ் என்று தனிப் பெட்டி, அதில்தான் டிஸ்க்குகள். நடுவில் ஸ்விட்ச், பைபர் கேபிள். ஒரே கேபிள் என்றால் அது போனால் எல்லாம் போச்சு! எனவே சர்வரில் இரண்டு கார்டு போடுகிறார்கள். கார்டுக்கு ஒரு ஸ்விட்ச். ஸ்டோரேஜில் இரண்டு கண்ட்ரோலர், ஒவ்வொரு ஸ்விட்சும் இரண்டையும் தொடும். ஆக, ஒரே டிஸ்க்குக்கு நான்கு வழி. வேடிக்கை என்னவென்றால், சர்வர் நான்கு டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொண்டு நான்கு பெயர் வைத்துவிடும். அடையாள எண்ணைப் பார்த்து, "எல்லாம் ஒண்ணுதான்" என்று சேர்த்துக் கட்டுவது மல்டிபாத் என்னும் மென்பொருள். ஒரு வழி அடைத்தால் அடுத்த வழியில் அனுப்பிவிடும்.

இதைப் போனில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா நாமக்கல்லில் லாரி டிரைவர், ஐந்தாவது வரை படித்தவர். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் நான் என்ன படிக்கிறேன் என்று வாராவாரம் விசாரணை நடக்கும். "ஒண்ணு போனா இன்னொண்ணு பாத்துக்கும்னா, அப்புறம் உனக்கென்ன கண்ணு அங்க வேலை?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அடுத்த வாரமே பதில் கிடைத்தது. ஒரு மருத்துவமனை. லேப் ரிப்போர்ட், பில், எல்லாம் ஒரே சர்வரில். சனிக்கிழமை இரவு ஒரு ஸ்விட்சுக்குப் புது மென்பொருள் ஏற்றி, அணைத்துப் போட வேண்டும். "இன்னொரு ஸ்விட்ச் இருக்குதே, ஒண்ணும் ஆகாது" என்றார்கள் அங்கே. எங்கள் சீனியர் சார் ஒன்றும் பேசாமல் வெள்ளிக்கிழமை மதியமே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மல்டிபாத் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஹைபன் போட்டு, எல் எல் என்று அடித்தார். நான்கு வரி வந்தது. இரண்டில் "ஆக்டிவ் ரெடி ரன்னிங்". மற்ற இரண்டில் "பெயில்ட் பால்ட்டி ரன்னிங்"! லாக் பார்த்தால், செத்து 17 நாள் ஆகியிருக்கிறது. 17 நாளில் ஒரு புகார் கூட வரவில்லை. வேலைதான் நடந்துகொண்டிருக்கிறதே! சனிக்கிழமை அணைக்கவிருந்தது உயிரோடிருந்த அந்த இரண்டு வழிகளும் போகிற ஸ்விட்ச். எந்த வழியும் இல்லாவிட்டால் வழி வரும்வரை காத்திரு என்று அந்த சர்வரில் செட்டிங் வைத்திருந்தார்கள். அதாவது எர்ரரும் வராது, பதிலும் வராது. ராத்திரி எமர்ஜென்சியில் ரத்த ரிப்போர்ட்டுக்கு நிற்பவர்கள் அப்படியே நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்றையும் சார் சொன்னார். சில சர்வர்களில் செத்த வழி பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடுமாம். இருக்கிற வரியெல்லாம் நல்லதாகவே தெரியும். எத்தனை வரி இருக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் குறை புரியும்.

பிறகு அவர் தேடிய விதம்தான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு வரியிலும் நான்கு எண் கொண்ட முகவரி இருக்கும். முதல் எண் எந்தக் கார்டு என்பதைச் சொல்லும். செத்த இரண்டுக்கும் முதல் எண் ஒன்றே. அப்படியென்றால் கோளாறு அந்தக் கார்டு, அதன் கேபிள், அதன் ஸ்விட்ச் பக்கம். கார்டுக்கு ஒன்றாகப் போயிருந்தால் கண்ட்ரோலரைச் சந்தேகப்படலாம். கார்டின் நிலை "லிங்க் டவுன்" என்று காட்டியது. உடனே ரேக்குக்குப் பின்னால் ஓடவில்லை அவர். கார்டின் 16 இலக்க எண்ணை நல்ல ஸ்விட்சின் பட்டியலோடு ஒப்பிட்டு, உயிரோடிருக்கும் கேபிள் எது என்று உறுதி செய்து, அதில் சிவப்பு டேப் ஒட்டச் சொன்னார். "இதைத் தொட்டுட்டா அவ்வளவுதான் தம்பி" என்றார். எனக்குக் கை நடுங்கியது உண்மை.

செத்த கேபிளைப் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள், அந்த இடத்தில் மடங்கிப் போயிருந்தது. கண்ணாடி இழையாயிற்றே! புதுக் கேபிள் போட்டோம். நுனியை விரலால் தொடக்கூடாது, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக்கூடாது, உள்ளே வருவது லேசர். பச்சை விளக்கு எரிந்தது. செத்த வழிக்கு உயிர் வந்துவிட்டதா என்று மல்டிபாத் சாதாரணமாக 5 விநாடிக்கு ஒருமுறை தானே தட்டிப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் நான்கும் "ரெடி". சார் அப்போதும் எழுந்திருக்கவில்லை. தவறுகளை எண்ணும் கணக்கு ஏறுகிறதா என்று அரைமணி நேரம் பார்த்தார். செத்த வழியை விட, போய்ப் போய் வருகிற வழிதான் அதிகத் தொல்லையாம். சனிக்கிழமை ஸ்விட்ச் அணைந்து எழுந்தது, வார்டில் யாருக்கும் தெரியாது.

அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "லாரிக்குப் பின்னாடி ஜோடி டயர் எதுக்குடா? உள் டயரு காத்து எறங்குனா வெளி டயரு தாங்கிக்கும். ஓட்டுறவனுக்கே தெரியாது. அப்புறம் அதுவும் சூடாகி வெடிக்கும். அதுக்குத்தான் வண்டிய நிறுத்துற எடத்துல எல்லாம் கம்பியில தட்டிப் பாக்குறது." காற்றிருந்தால் டங்கென்று துள்ளுமாம், இல்லாவிட்டால் பொத்தென்று கேட்குமாம். நான் புத்தகம் படித்துப் புரிந்துகொண்டது அவருக்குக் காதிலேயே இருக்கிறது!

வழி செத்தால் மெயில் வரும்படி ஏற்பாடு செய்வது ஒன்றும் பெரிய செலவில்லை. இரண்டு மடங்கு கார்டும் ஸ்விட்சும் வாங்கியவர்கள் இதைச் செய்யாதது ஏனென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நம் லேபில் பைபர் ஸ்டோரேஜ் இல்லையே என்கிறீர்களா? ஐஸ்கஸி போதும். இரண்டு பழைய பிசி, ஒவ்வொன்றிலும் இரண்டு நெட்வொர்க் கார்டு, லினக்ஸ். ஒன்றை ஸ்டோரேஜாக்கி, இரண்டு கேபிளிலும் ஒரே டிஸ்க்கைக் கொடுத்து, பெரிய பைல் ஒன்றைக் காப்பி செய்யும்போது ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். நானும் என் ரூம்மேட்டும் சனிக்கிழமை மதியங்களில் இதைச் செய்துகொண்டிருக்கிறோம். ஜூனியர் தம்பி தங்கைகள் தாராளமாக வரலாம். ஒரு நெட்வொர்க் கார்டு குறைகிறது, யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள்.